மாத்திரையும் சர்க்கரையும்

"சேச்சி, எங்க அம்மாவுக்குச் சுகர். எனக்கு இந்த மாத்திரை வேண்டாம்."

மட்டாஞ்சேரியில் வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளரிடம் பெண்கள் இப்படிச் சொல்வதுண்டு. பயம் வரத்தான் செய்யும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, கேரளத்தில் பெரியவர்களில் நான்கு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்.

கர்ப்பத் தடை மாத்திரையால் சர்க்கரை நோய் வருமா?

அரசு இலவசமாகத் தரும் மாத்திரை மாலா-என். ஓர் அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றில் 21 மாத்திரைகளில் ஹார்மோன் உண்டு. நிறம் மாறிய மற்ற 7 மாத்திரைகளும் இரும்புச் சத்து. ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து உறுப்புகளுக்கு வேலை சொல்லும் பொருள். மாத்திரையில் உள்ள ஹார்மோன், முட்டை வெளிவராமல் தடுக்கிறது.

இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அது தசைக்குள் போக வேண்டும். கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். மாத்திரை சாப்பிடும்போது சிலருக்கு அந்தச் சாவி சற்று இறுக்கமாகத் திரும்பும். உடனே கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். ஆகவே பெரும்பாலான பெண்களுக்குச் சர்க்கரை அளவு மீறுவதில்லை.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? 1960-இல் அமெரிக்காவில் கர்ப்பத் தடைக்கென அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருந்தது. அந்தக் கால மாத்திரைகளால் சிலருக்குச் சர்க்கரை ஏறியதை மருத்துவர்கள் கண்டார்கள். மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம்தான். மருந்து மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை.

பயந்து பாதி அட்டையில் நிறுத்தினால் கர்ப்பம் தங்கலாம். கர்ப்ப காலத்தில் இன்சுலினுக்கு வேலை இன்னும் கடினம். சர்க்கரை கட்டுப்படாதபோது கரு உண்டானால், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும்போதே குறை ஏற்படலாம்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். நோயால் கண், சிறுநீரகம், நரம்பு கெட்டவர்களுக்கு இது பொதுவாகக் கூடாது. 20 ஆண்டுக்கு மேல் நோய் உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் அப்படியே. அவர்கள் காப்பர்-டி பற்றிக் கேட்கலாம். அதில் ஹார்மோன் இல்லை. சர்க்கரையை அது தொடாது.

கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை வந்து போனவர்களும் மாத்திரை சாப்பிடலாம். பால் கொடுப்பவர்கள் 6 மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் இவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அப்படித்தான். சோதனையை விடக்கூடாது.

மட்டாஞ்சேரியில் மகளிர், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பழைய சோதனைச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். சீட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். எண்ணைப் படித்தால் போதும். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மாத்திரை வாங்கும் முன் அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.