பேக்கப் ஓடுது, சரி. திரும்ப வருமா?

இந்த முறை கணினிப் பாடம். தலைப்பு பேக்கப், அதாவது காப்பு நகல். "இது தெரியாதா, ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணி வைக்கிறதுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை நான்கு இரவுத் தூக்கம்.

கிள்ளானில் ஒரு சின்ன கணக்கு அலுவலகத்தில் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்தேன். கடைவீட்டு மேல்மாடி, ஆறு பேர் வேலை. ஒரு மூலையில் சர்வர் கணினி. மளிகைக் கடை, தையல் கடை, லாரி ஓட்டுகிறவர் என்று பலருடைய கணக்கும் அதில்தான். நம் நாட்டு வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆக அந்த ஒரு கணினிக்குள் பலருடைய உழைப்பு உட்கார்ந்திருந்தது.

முதலாளி அக்கா தினமும் கிளம்பும்போது கேட்பார்: "தம்பி, பேக்கப் ஓடுதுதானே?"

"ஓடுதுக்கா."

எதை வைத்துச் சொன்னேன் தெரியுமா? சர்வரோடு இணைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நீல விளக்கு எரியும். அதைப் பார்த்துத்தான். இரண்டு வாரம் இப்படியே சொன்னேன்.

மூன்றாவது வாரம், ஜூன் மாதம். தனியாளாக வியாபாரம் செய்கிறவர்கள் வரி பாரம் அனுப்ப ஜூன் 30 கெடு. அந்த நேரத்தில் லாரிக்காரருடைய ஃபோல்டரை யாரோ தவறுதலாக அழித்துவிட்டார்கள். யாரும் பதறவில்லை. "தம்பி, பேக்கப்ல இருந்து எடுத்துக் கொடு" என்றார் அக்கா. நானும் தெம்பாகப் போய் உட்கார்ந்தேன்.

முதல் பாடம்: கை வைக்காதே, முதலில் பார்

அந்தக் கணினியில் விண்டோஸ் சர்வர். அதோடு வருகிற விண்டோஸ் சர்வர் பேக்கப் என்ற வசதிதான் ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. திறந்து பார்த்தேன். கடைசியாக வெற்றி பெற்ற பேக்கப் மூன்று மாதத்துக்கு முந்தியது! அதற்குப் பிறகு எல்லா நாளும் சிவப்புக் குறி.

சரி, மூன்று மாதத்துக்கு முந்தியதாவது கிடைக்கட்டும் என்று வெளி டிஸ்கைத் தேடினேன். டிரைவ் பட்டியலில் அதைக் காணவே காணோம். 'டிஸ்க் கெட்டுப்போச்சு, அதான் பேக்கப் ஓடலை' என்று முடிவு கட்டிவிட்டேன். ஃபார்மட் பண்ணி புதிதாக ஆரம்பிக்கலாம் என்று மவுஸில் கை வைத்த நேரம், நல்ல வேளை, பல்கலைக்கழகத்து சீனியர் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். "டேய், ஒண்ணும் அமுக்காதே!" என்று கத்தினார்.

விஷயம் இதுதான். ஒரு டிஸ்கைப் பேக்கப்புக்கென்றே ஒதுக்கிவிட்டால், விண்டோஸ் சர்வர் பேக்கப் அதை வழக்கமான டிரைவ் பட்டியலில் காட்டாது. யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் தெரியும். அங்கே பார்த்தேன், டிஸ்க் நல்லபடியாகத்தான் இருந்தது. நான் அழிக்கப் போனது, அந்த அலுவலகத்திடம் இருந்த ஒரே காப்பு நகலை.

அண்ணன் சொன்னபடி கமாண்ட் சன்னலில் 'டபிள்யூபிஅட்மின் கெட் வெர்ஷன்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். எந்தெந்தத் தேதி பேக்கப் கையில் இருக்கிறது, அதிலிருந்து எதையெல்லாம் மீட்கலாம் என்று அது பட்டியல் போடும். எதையும் மாற்றாது. பழுது பார்க்கும்போது முதலில் இப்படிப்பட்ட, பார்க்க மட்டும் செய்கிற கட்டளைகளையே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் பாடம்: பச்சைக் குறியை நம்பாதே

மூன்று மாதத்துக்கு முந்திய பேக்கப்பைத் திறந்தேன். பச்சைக் குறி, வெற்றி என்றே போட்டிருந்தது. உள்ளே சி டிரைவ் மட்டும்தான் இருந்தது. கணக்குகள் இருந்ததோ டி டிரைவில்.

விசாரித்ததில் புரிந்தது. முன்பு எல்லாம் சி டிரைவில் இருந்திருக்கிறது. இடம் போதாமல் புது டிஸ்க் போட்டு, கணக்குகளை டி-க்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் பட்டியலில் டி-யைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பேக்கப் பொய் சொல்லவில்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது. நாம் சொன்னதுதான் தப்பு.

லாரிக்காரர் கணக்கு போனது போனதுதான். அவர் கொடுத்த ரசீதுகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. கிளார்க் அக்காவும் நானும் நான்கு இரவு உட்கார்ந்து, டீசல், டயர், டோல் என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சு செய்தோம். முதலாளி அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ பார்த்துட்டுத்தான் சொல்றேன்னு நினைச்சேன் தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

மூன்றாம் பாடம்: பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை படி

இனி பேக்கப்பைச் சரி செய்ய வேண்டும். ஈவண்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. சர்வரின் நாட்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேக்கப்புக்குத் தனிப் பகுதி உண்டு. தோற்ற ஒவ்வோர் இரவும் ஒரே செய்தி: நிழல் நகல் உருவாக்கப் போதுமான இடம் இல்லை.

நிழல் நகல் என்றால்? கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அசைந்துகொண்டே இருந்தால் படம் கலங்கிவிடும். அதனால் போட்டோகிராபர், "ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க" என்பார். சர்வரிலும் கோப்புகள் திறந்திருக்கும், மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணத்தின் நிலையைப் பிடித்துக் கொடுப்பது வி.எஸ்.எஸ். என்ற சேவை. பேக்கப் நகலெடுப்பது அந்த நிழலைத்தான்.

இடம் இல்லை என்றதும் நான் பேக்கப் டிஸ்கைப் பார்த்தேன். 2 டெராபைட்டில் பாதிக்கு மேல் காலி. தலையைச் சொறிந்துகொண்டு செய்தியை முழுசாகப் படித்தேன். இந்த விதி சேமிக்கும் டிஸ்குக்கு மட்டும் அல்ல, நகலெடுக்கப்படும் ஒவ்வொரு பிரிவுக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. 500 மெகாபைட்டுக்குக் குறைவான பிரிவில் குறைந்தது 50 மெகாபைட் காலியாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரியதில் குறைந்தது 320.

கணினி கிளம்புவதற்குத் தேவையான கோப்புகளுக்காக விண்டோஸ் ஒரு சின்னப் பிரிவை ஒதுக்கி வைத்திருக்கும். அதற்கு டிரைவ் எழுத்துகூட கிடையாது. அதில்தான் காலியிடம் 50-க்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் நிழலைச் சி டிரைவில் வைத்துக்கொள்ளும்படி 'விஎஸ்எஸ்அட்மின்' கட்டளையால் மாற்றினேன். டி டிரைவைப் பட்டியலில் சேர்த்தேன். அன்றிரவு பேக்கப் முழுசாக ஓடியது.

மறுநாள் காலை விளக்கைப் பார்த்துவிட்டு நான் நின்றுவிடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டரைப் பேக்கப்பிலிருந்து வேறோர் இடத்துக்கு மீட்டேன். பழையதன் மேலேயே எழுதக் கூடாது, இது முக்கியம். கோப்பைத் திறந்து, கடைசி வரியில் இருந்த மொத்தத் தொகையை அசலோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. சாயங்காலம் அக்கா வழக்கம்போலக் கேட்டார். "ஓடுதுக்கா. எடுத்தும் பார்த்துட்டேன்" என்றேன்.

பெரிய இடத்திலும் நடந்ததுதான்

நம்மை மாதிரி மாணவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் களைத்துப்போன நேரத்தில் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட். பேக்கப்பைத் தேடினால் அது வெறுமையாக இருந்தது. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு, யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். அந்த 6 மணி நேரத் தரவு போனதுதான். நடந்ததை மறைக்காமல் அவர்களே உலகத்துக்கு எழுதிச் சொன்னார்கள். அதனால்தான் இன்று நாம் அதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

மனதில் வைக்க வேண்டிய கேள்விகள்

1. கடைசியாக வெற்றி பெற்ற பேக்கப்பின் தேதி என்ன?
2. எனக்குத் தேவையான கோப்புகள் உண்மையிலேயே அதில் இருக்கின்றனவா?
3. பேக்கப் தோற்றால் யாருக்குத் தெரியும்? அவர் பார்க்கிறாரா?
4. கடைசியாக எப்போது ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்தோம்?
5. எல்லா நகலும் ஒரே அறையிலா இருக்கின்றன? பொதுவாகச் சொல்லும் கணக்கு 3-2-1. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், எப்போதும் இணைந்தே இருக்கும் டிஸ்கையும் பூட்டிவிடும். அதனால் ஒரு நகலைக் கழற்றி வையுங்கள்.

செய்து பாருங்கள்

உங்களிடம் சர்வர் இல்லாமல் இருக்கலாம். கைப்பேசியில் தாத்தா பாட்டி படம் இருக்கும், மடிக்கணினியில் இறுதியாண்டு ஆய்வேடு இருக்கும். இன்றிரவு தூங்கப் போகுமுன் அதில் ஒன்றை மட்டும் பேக்கப்பிலிருந்து வேறோர் இடத்துக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். பத்து நிமிஷம் போதும். திறந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். திறக்கவில்லை என்றால், அசல் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்ததே என்று சந்தோஷப்பட்டுச் சரி செய்யுங்கள்.

அப்புறம், யாராவது "ஓடுதுதானே?" என்று கேட்டால், பார்க்காமல் "ஓடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதில் ஒரு வெட்கமும் இல்லை.