'இல்லை' வேறு, 'ஏற்றவில்லை' வேறு

பகாவ் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவில், பெரியவர் ஒருவர் இளைஞனை நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். "மூணாவது லயத்துல டிராக்டர் ஓட்டுனாரே, அவரு தங்கச்சி மகன்" என்று பதில் வரும். பெயரே சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆளிடமிருந்து உறவைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு நடந்து போய்விடுகிறோம். கோட்டுருத் தரவுத்தளம் செய்வதும் இதே வேலைதான்.

வழக்கமான தரவுத்தளம் எல்லாவற்றையும் அட்டவணையாக வைக்கும். கோட்டுருத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் ஆளும் ஒரு கணு. 'மகன்', 'தங்கை', 'வேலை செய்த இடம்' ஆகியவை கணுக்களை இணைக்கும் கோடுகள். சுவீடனில் உருவான நியோ4ஜே இவ்வகையில் அதிகம் அறியப்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2010இல் வந்தது. 2016இல் வெளியான பனாமா ஆவணங்களில் எந்த நிறுவனத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தேடிய பத்திரிகையாளர்களும் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஜெரம் பாடாங், கெடிஸ் போன்ற தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு நம் மாணவர்கள் ஒரு வம்சப் பதிவேடு செய்வதாக வைத்துக்கொள்வோம். இதற்குக் கோட்டுரு நன்றாகப் பொருந்தும். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலிருந்தும் உறவுக்காரர்களிடையே இருந்தும்தான் ஆள் சேர்த்தார்கள். உதவியுடன் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும் வரை இது தொடர்ந்தது. அதனால் ஒரு தோட்டத்தில் ஒருவரைத் தொட்டால் பாதித் தோட்டமே சொந்தமாக வந்து நிற்கும்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

நிரல் எழுதுபவர் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசாமல், இடையில் 'மேப்பர்' என்ற ஒரு மென்பொருளை வைத்துக்கொள்வது வழக்கம். தரவுத்தளத்தில் உள்ள கணுவை ஜாவா மொழியில் 'ஆள்' என்ற ஆப்ஜெக்டாக அது மாற்றித் தரும். ஒருவரைக் கேட்டதும் அவருடைய உறவினர், அந்த உறவினரின் உறவினர் என்று எல்லாரையும் கொண்டுவந்தால் நினைவகம் நிறைந்துவிடும். ஆகவே, கேட்கும்போது மட்டும் உறவைக் கொண்டுவருவது ஒரு வழி. இதற்கு 'லேசி லோடிங்' என்று பெயர். சோம்பேறி ஏற்றம் என்று சொல்லலாம். ஜாவா உலகில் இதைப் பரவலாக்கியது ஹைபர்னேட். தரவுத்தளத்தோடு உள்ள தொடர்பு மூடிய பிறகு உறவைக் கேட்டால், அது பிழைச்செய்தி எழுப்பி நின்றுவிடும். புதிதாகப் படிப்பவர்களுக்கு அந்தச் செய்தி எரிச்சலூட்டும். என்னைக் கேட்டால் அது நல்ல குணம். தன்னிடம் இல்லாததை இல்லை என்று பொய் சொல்லாமல், "என்னால் இப்போது பார்க்க முடியாது" என்று சொல்கிறது.

நியோ4ஜேக்கான ஓஜிஎம் மேப்பரில் இந்தச் சோம்பேறி ஏற்றம் கிடையாது. அதற்குப் பதில் 'ஆழம்' என்ற எண் உண்டு. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆழம் 1. அதாவது, தாத்தாவைக் கேட்டால் தாத்தாவும் அவருடைய பிள்ளைகளும் வருவார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வரமாட்டார்கள். 0 கொடுத்தால் தாத்தாவின் சொந்த விவரங்கள் மட்டும். கழித்தல் 1 கொடுத்தால் எட்டிய தூரம்வரை எல்லாமே. இப்போது ஆழம் 1இல் மகளின் பிள்ளைகள் பட்டியலைத் திறந்தால் அது வெறுமையாக இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. திரையில் "பிள்ளைகள்: இல்லை" என்று காட்டுவார் நம் மாணவர். அந்த மகளுக்கு ஐந்து பிள்ளைகள் இருக்கலாம்.

இதைச் சாதாரணமாக விட முடியாது. பெற்றோரின் பத்திரம் சரியில்லாததால் அடையாள அட்டைக்காக அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சயாம் மரண ரயில் பாதைக்கு 1942, 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்குப் பின்னால் என்ன ஆனது என்பது 'தெரியாது'. கலியாணமே ஆகாதவருக்குப் பிள்ளை 'இல்லை'. மகளின் பிள்ளைகளோ 'ஏற்றவில்லை'. மூன்றும் திரையில் ஒரே வெற்றிடமாகத் தெரிந்தால் பதிவேட்டினால் பயன் இல்லை. 'தெரியாது' என்பதை ஒரு தகவலாகவே கணுவில் எழுதி வைக்க வேண்டும்.

வெற்றிடம் கண்டால் எங்கிருந்து தொடங்குவது? முதலில் மேப்பரை ஒதுக்கிவிட்டு, சைஃபர் மொழியில் தரவுத்தளத்தையே நேராகக் கேளுங்கள். அங்கும் உறவு இல்லையென்றால் தகவலை உள்ளே போட்டதில் தவறு. அங்கே இருந்து நிரலில் இல்லையென்றால், கோட்டின் திசையைப் பாருங்கள். மகனிடமிருந்து தந்தைக்குக் கோடு போட்டுவிட்டு, நிரலில் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று குறித்திருந்தால் எவ்வளவு ஆழம் கொடுத்தாலும் ஒன்றும் வராது. திசையும் சரியென்றால்தான் ஆழம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெற்றிடத்தைக் கண்டதும் ஆழத்தைக் கூட்டுகிறார்கள். ஆழத்தைக் கழித்தல் 1 ஆக்கினால், கங்காணி வழியாக ஒன்றோடொன்று பின்னிய நம் பதிவேட்டில், ஒரு பேரனைக் கேட்டதற்கு முழுத் தோட்டமும் வந்து இறங்கும்.

ஆழத்தைக் கூட்டப் பயந்து, நாற்பது குடும்பங்களின் பட்டியலை எடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிள்ளைகளைக் கேட்பவர்களும் உண்டு. 41 கேள்விகள் போகும். ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி என்றாலும் நான்கு விநாடிக்கு மேல் ஆகிவிடும். தேவையான பாதையை மட்டும் ஒரே கேள்வியில் எழுதிக் கேட்பதே சரியான வழி.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2020இல் வந்த ஸ்பிரிங் டேட்டா நியோ4ஜே 6ஆம் பதிப்பு, ஓஜிஎம்மை விட்டுவிட்டுத் தன் சொந்த மேப்பருக்கு மாறியது. நீங்களே எழுதும் கேள்வியில் ஆளின் கணுவை மட்டும் திருப்பினால் உறவுகள் நிரப்பப்படாது. கோடுகளையும் மறுமுனைக் கணுக்களையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். மறந்துவிட்டால் பட்டியல் வெறுமை. அந்த ஆளின் தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமித்தால் நிலைமை இன்னும் மோசம். கையில் உள்ள ஆப்ஜெக்டையே முழு உண்மையாக எடுத்துக்கொள்ளும் மேப்பர், "உறவுகளை நீக்கிவிட்டார்" என்று முடிவு செய்து, தரவுத்தளத்தில் இருந்த கோடுகளையும் அழித்துவிடும். ஏற்றாத உறவு, சேமித்த பிறகு உண்மையிலேயே இல்லாத உறவாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பல மாதம் கழித்து யாராவது ஒரு பேரன் வந்து கேட்கும்போதுதான் தெரியும்.

அதனால் பாதி ஏற்றிய ஆளை முழு ஆளாகச் சேமிக்கக் கூடாது. எண்ணை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு விவரத்தை மட்டும் மாற்றும் சைஃபர் கட்டளையை எழுதலாம். அல்லது 'புரொஜெக்‌ஷன்' வழியாக அந்தப் பகுதியை மட்டும் சேமிக்கலாம். பதிவேட்டைப் பிறரிடம் கொடுக்கும் முன் ஒரு சோதனையும் எழுதி வையுங்கள். மூன்று தலைமுறை தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்து, சைஃபரில் கோடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். நிரல் வழியாகத் தாத்தாவின் முகவரியைத் திருத்திச் சேமித்துவிட்டு, மறுபடியும் எண்ணிப் பாருங்கள். முதலில் பதினொன்று இருந்தால் இப்போதும் பதினொன்று இருக்க வேண்டும்.