வெத்துத்தாள்ல கையெழுத்துப் போடாத, அம்மிணி

கண்ணபுரம் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்த்து வயசு சொல்றது மாட்டுக்கு. தேங்காய்க் களத்துல நமக்கும் அதே கதைதான் அம்மிணி. பல்லுக்குப் பதிலா ஆதார் கார்டு.

"வயசாயிருச்சு, நாளையில இருந்து வரவேண்டாம்"னு மேஸ்திரி சொன்னா வாயை மூடிட்டு வந்துரு. வெத்துத்தாளை நீட்டினா கையெழுத்து மட்டும் போடாத. நான் போட்டேன். 47 வயசு, 11 வருஷ வேலை, கையில ஒரு சேலையும் 5,000 ரூபாயும். அந்தத் தாளை 'நானாவே விலகிக்கறேன்'ங்கற கடுதாசியா ஆக்கிட்டாங்கன்னு வக்கீல் படிச்சுக் காட்டினப்பத்தான் தெரிஞ்சது.

அமெரிக்காவுல 40 தாண்டினவங்களை வயசைக் காட்டி ஒதுக்கக்கூடாதுன்னு 1967லயே சட்டம் வந்துருச்சு. இங்க தனியார் களத்துக்கோ மில்லுக்கோ அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அதனால நிறுத்தினதை எதிர்த்துக் குடுக்கற மனுவுல வயசை மட்டும் எழுதினா நிக்காது. 'நோட்டீஸ் இல்லாம, நஷ்டஈடு தராம நிறுத்தினாங்க'ன்னு எழுதணும். முந்தின 12 மாசத்துல 240 நாள் வேலை பார்த்தவளை ஆள்குறைப்புன்னு அனுப்பினா, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ தரணும். அதுபோக வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். "இல்லைங்க, இது ரிட்டயர்மெண்ட்"னு சொன்னாங்கன்னா, எத்தனை வயசு, எதுல எழுதியிருக்குன்னு கேளு. முக்காவாசி இடத்துல எழுதியே இருக்காது.

கிராஜுவிட்டி வேற கணக்கு. பத்துப் பேராவது வேலை பார்க்கற இடமா இருக்கணும், உனக்கு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும். மாசச் சம்பளத்தை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கு. என் சம்பளம் அப்ப 5,200. கணக்குப் போட்டா 33,000 வந்துச்சு. நானா எழுதிக் குடுத்திருந்தாலும் அந்தப் பணம் எனக்குச் சேரவேண்டியதுதான். அது தெரியறதுக்கே நாலு வருஷம் ஆச்சு. அந்தச் சேலையை இன்னும் கட்டல.

ஆதார்ல உன் பொறந்த தேதியை இன்னைக்கே பாரு. ஆதார் எடுத்தப்ப எழுதினவங்க நம்ம ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் குத்துமதிப்பா ஜனவரி 1ன்னு போட்டு விட்டாங்க. ரெண்டு வயசு கூடப் போட்டிருந்தா பி.எப்.லயும் அதேதான் ஏறும். யாரோ குத்துமதிப்பாப் போட்ட வயசுக்கு நீ வீட்டுக்குப் போகணுமா?

சம்பளக் கவர், பி.எப். மெசேஜ், ஆயுத பூஜைக்குக் களத்துல எடுத்த போட்டோ, எதையும் தூக்கிப் போடாத. அங்க வேலை பார்த்ததுக்கு அதுகதான் சாட்சி.

வேலையை விட்டு நிறுத்தினதுக்கு மனு குடுக்கப் பழைய சட்டத்துல மூணு வருஷம் டைம் இருந்துச்சு. 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த சட்டத்துல ரெண்டே வருஷம்தான். வக்கீல் காசுக்கு யோசிக்காத. பொம்பளைகளுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பே இல்லை, 15100க்கு ஒரு போன் போடு. மனுவைத் திருப்பூர்ல தொழிலாளர் துறை ஆபீஸ்ல குடுக்கலாம். குடுத்ததும் நகல்ல சீல் வாங்கிக்க. நானும் கூட வர்றேன். சனிக்கிழமை வேண்டாம், ஆபீஸ் லீவு.