சீசனின் கடைசிப் பந்தயம்: இளம் டிரையத்லான் வீரரின் குறிப்புக்கு ஒரு பதில்

ஹவாயின் கோனாவில் அக்டோபரில் நடக்கும் அயர்ன்மேன் உலகச் சாம்பியன்ஷிப், நெடுந்தூர டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) வீரர்கள் பலருக்குச் சீசனின் கடைசிப் பெரிய பந்தயம். முதலில் அது ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் நடந்துவந்தது. குளிர் நாட்டு வீரர்களும் கோடையில் பயிற்சி எடுத்துவிட்டு வரட்டும் என்று 1982இல் அக்டோபருக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு மட்டும் இரண்டு முறை நடந்தது. பயிற்சிக்குக் கோடை கிடைத்தது. கூடவே, கோடை முழுக்கப் பந்தயம் பந்தயமாக ஓடிக் களைத்த உடலோடு கோனாவுக்கு வரும் வழக்கமும் தொடங்கியது.

இளம் வீரர் ஒருவர் தம் முதல் கோனா பந்தயத்தைப் பற்றி எழுதியிருக்கும் நீண்ட குறிப்பில் இந்தக் களைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அவர் மட்டும் அதைக் கவனிக்கவில்லை. தூரங்கள், விதிகள், உடை மாற்றும் கூடாரம் எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடலாம். விட முடியாதது ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய ஒற்றை வரி: 28ஆவது கிலோமீட்டரில் வயிறு கைவிட்டுவிட்டதாம். சக்கரத்துக்கும் டயர் அழுத்தத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியவர், 42.2 கிலோமீட்டர் ஓட்டத்தை அந்த வரியோடு முடித்துக்கொள்கிறார். வயிறு தானாகக் கைவிடுவதில்லை. காரணம் முந்தைய பக்கங்களில் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு அரைத் தூரப் பந்தயம், செப்டம்பரில் இன்னொன்று, கோனாவுக்குப் பத்து நாள் முன்னால் மனதிருப்திக்காக 32 கிலோமீட்டர் ஓட்டம். இந்தக் கடைசி ஓட்டம் மன்னிக்க முடியாதது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியின் அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்து, வேகத்தைச் சிறு சிறு துண்டுகளாக மட்டும் வைத்துக்கொள்வதுதான் டேப்பர். தசை நார்களின் சேதம் ஆறுவதும், தசையின் எரிபொருளான கிளைக்கோஜன் கையிருப்பு நிரம்புவதும் அந்த வாரங்களில்தான். பத்து நாளில் புதிதாக எந்தத் தகுதியும் உடலில் சேராது. சேதம் மட்டும் மிஞ்சும். சீசன் தொடக்கத்துப் பந்தயத்தில் இந்தத் தவறைச் செய்தாலும் உடல் ஓரளவு தாங்கும். அக்டோபரில் தாங்காது. டேப்பரில் கால் கனப்பதும், தூக்கம் கெடுவதும், தகுதியெல்லாம் கரைந்துபோவதாகத் தோன்றுவதும் எல்லோருக்கும் வருபவை. வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் பொறுத்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்தி.

நீச்சல் பகுதி அபாரம். கைலுவா விரிகுடாவில் முன்னே போகிறவரின் பாதக் குமிழிகளை விடாமல் பிடித்து நீந்தியது, திரும்பும் படகைத் தாண்டியதும் அலை எதிர்ப்பட்டது, தலை தூக்கிப் பார்ப்பதை எப்போது குறைத்தார் என்பது எல்லாம் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டு அண்மையில் படித்ததாக நினைவில்லை. அந்தக் கண் சைக்கிளில் ஏறியதும் மூடிக்கொண்டதுதான் வருத்தம்.

சைக்கிளில் திட்டமிட்ட சராசரி வாட் (மிதிக்கும் திறன்) அப்படியே வந்ததாக அவர் பெருமைப்படுகிறார். அவர் தந்திருக்கும் அட்டவணை சொல்வது வேறு. குயீன் கே நெடுஞ்சாலையில் காலைக் காற்று அடங்கியிருந்த முதல் மணி நேரத்தில் இலக்கைத் தாண்டி மிதித்திருக்கிறார். கவாய்ஹேயிலிருந்து ஹாவிக்கு ஏறும் சாலையில், எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி, இன்னும் மேலே போயிருக்கிறார். திரும்பும் வழியின் கடைசி 40 கிலோமீட்டரில் வாட் சரிந்திருக்கிறது. முன்பகுதியின் மிகையும் பின்பகுதியின் குறையும் சேர்ந்துதான் சராசரி சரியாக வந்தது. ஆனால் ஏற்றத்தில் எரித்த கிளைக்கோஜன் இறக்கத்தில் திரும்ப வராது. வெயிலில் கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது; குடலுக்குக் கிடைப்பது குறைகிறது. அந்த நேரத்தில் மணிக்கு 90 கிராம் கார்போஹைட்ரேட்டை அடர்ந்த ஜெல்லாக, போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அது வயிற்றிலேயே தேங்கும். 28ஆவது கிலோமீட்டரில் குமட்டியது ஹாவி ஏற்றத்தில் விழுங்கியதன் மிச்சம்.

கோனாவில் ஓட்டம் என்றால் என்ன என்பதை 1989 பந்தயத்தின் ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த தலைமுறை அறியும். ஆறு முறை வென்ற டேவ் ஸ்காட்டும், அதுவரை அங்கே ஒரு முறைகூட வெல்லாத மார்க் ஆலனும் எட்டு மணி நேரம் ஒருவரை ஒருவர் விடாமல் போனார்கள். ஓட்டத்தில் தோளோடு தோள். பேச்சில்லை, முகம் பார்ப்பதுமில்லை. நகரை நெருங்கும் கடைசி மேட்டில்தான் ஆலன் பிரிந்தார். வித்தியாசம் 58 விநாடி. ஆலனின் மாரத்தான் 2 மணி 40 நிமிடம். வாட்டை அளக்கும் பவர் மீட்டர் பரவாத காலம் அது. ஆலன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பயிற்சியாளர் ஃபில் மாஃபெடோனின் வழிகாட்டலில், இதயத்துடிப்பு ஒரு வரம்பைத் தாண்டாமல் மெதுவாக ஓடிப் பழகியவர். அந்தப் பொறுமையை இன்றைய கருவிகள் வாங்கித் தருவதில்லை.

1995 பந்தயத்தையும் இளம் வீரர் பார்க்க வேண்டும். அதற்குள் ஏழு முறை வென்றிருந்த பவுலா நியூபி ஃப்ரேசர், பின்னால் நெருங்கிய கேரன் ஸ்மையர்ஸிடமிருந்து தப்ப உதவி நிலையங்களில் நிற்காமல் ஓடினார். முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் தள்ளாடி விழுந்து, சாலையிலேயே கிடந்து, பிறகு எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். மறு ஆண்டு திரும்பி வந்து எட்டாவது முறை வென்றார். இளம் வீரரும் முதல் 15 கிலோமீட்டரில் பல நிலையங்களைத் தாண்டி ஓடியிருக்கிறார். ஒவ்வொரு நிலையத்திலும் பத்து இருபது அடி நடந்து, ஐஸை உடைக்குள் கொட்டி, ஒரு கோப்பையை முழுதாகக் குடித்துவிட்டுப் போகிறவர் சில விநாடிகளை இழப்பார். இளம் வீரர் 28ஆவது கிலோமீட்டரிலிருந்து நடந்தே போனதில் இழந்தது முக்கால் மணி நேரத்துக்கும் மேல்.

இதைச் சரிக்கட்ட நவம்பர் கடைசியில் இன்னொரு முழுத் தூரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாகக் குறிப்பு முடிகிறது. அதை விலக்கிக்கொள்வதே நல்லது. முழுத் தூரத்துக்குப் பின் தசையும் தசைநாணும் ஆற வாரக்கணக்காகும்; நடை, லேசான நீச்சல், மனம் போன போக்கில் சைக்கிள் என்று நான்கு வாரமாவது போக வேண்டும். அந்த இடைவெளியில் சைக்கிள் பகுதியை மணிவாரியாக, வாட், இதயத்துடிப்பு, குடித்தது, விழுங்கியது என்று பிரித்து அவர் மறுபடி எழுதட்டும். அடுத்த ஆண்டுத் திட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் பந்தயங்களில் ஒன்றை இப்போதே அடித்துவிட்டு.