ஆமையின் அலகு உடைந்தால்

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கிய ஹெர்மன் ஆமை ஒன்று எங்கள் வீட்டில் வளர்கிறது. ஆறு வயதாகிறது. சில மாதங்களாகவே அதன் மேல் அலகு கிளி மூக்கு மாதிரி கீழே வளைந்து இறங்கியிருந்தது. நேற்று தோட்டத்துப் படியிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து, அலகின் நுனி உடைந்து, ரத்தமும் கசிந்தது. அப்போதிருந்து இரையைத் தொடவில்லை. மஞ்சள் குழைத்துப் பூசலாமா? மீதி நீட்டிக்கொண்டிருப்பதை நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்கிறார் என் கணவர். தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ், வாழைப்பழம்தான் வழக்கமாகக் கொடுப்போம்.
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: முதலில் அந்த நகவெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஆமைக்குப் பல் கிடையாது. தாடை எலும்பின் மேல் உறையாகப் படிந்திருக்கும் கெரட்டின்தான் அலகு. நம் நகமும் அதே பொருள்தான். நகவெட்டியால் அழுத்தினால் அது நீளவாக்கில் பிளந்து, விரிசல் எலும்பு வரை ஓடிவிடும்.

வெறும் நுனி மட்டும் உடைந்திருந்தால் நான் கவலைப்பட மாட்டேன், மெல்ல வளர்ந்து சரியாகிவிடும். ஆனால் கெரட்டினில் ரத்தம் ஓடுவதில்லை. ரத்தம் கசிந்தது என்றால் அதற்கடியில் உள்ள சதையிலோ எலும்பிலோ அடிபட்டிருக்கிறது. சாப்பிடவும் இல்லை என்கிறீர்கள். ஆமையை முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீழ்த்தாடை ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, வாய் முழுதாக மூடுகிறதா? வாயைப் பலவந்தமாகத் திறக்க வேண்டாம். இவற்றில் எதுவும் தெரியாவிட்டாலும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், எக்ஸ்ரே தேவைப்படலாம். நாய், பூனை மட்டும் பார்ப்பவரா, ஊர்வனவற்றையும் பார்ப்பவரா என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அதுவரை, கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு கரைத்து, காயத்தில் மண் ஒட்டியிருந்தால் மெதுவாகக் கழுவுங்கள். கூண்டில் மண்ணையும் மரத்தூளையும் எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். விளக்கடியில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்கட்டும். உடம்பு குளிர்ந்து கிடந்தால் ஆமைக்குப் புண் ஆறாது. தாடை உயரத்துக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிற்க விட்டால், சாப்பிடாவிட்டாலும் உடம்பில் நீர் வற்றாது. சூப்பர் குளூ போட்டு ஒட்டவே கூடாது, அழுக்கையும் கிருமியையும் உள்ளே வைத்து மூடிவிடும்.

மஞ்சளும் வேண்டாம். ஊர்வனவற்றுக்குச் சீழ் நீராக வழியாது. கெட்டியாக, மஞ்சள் கட்டியாகத் திரளும். நாம் தேட வேண்டிய அந்த அடையாளத்தையே நீங்கள் பூசும் மஞ்சள் மறைத்துவிடும்.

இனி, அலகு ஏன் அப்படி வளைந்தது என்பதைப் பார்ப்போம். விழாமல் இருந்திருந்தாலும் இதைக் கவனித்தே ஆக வேண்டியிருந்தது. ஹெர்மன் ஆமையின் பூர்வீகம் தெற்கு ஐரோப்பாவின் வறண்ட புதர்க்காடு. நார் மிகுந்த களைச்செடிகளைக் கடித்து இழுத்துத் தின்னும்போதே அலகு தேய்ந்துகொண்டிருக்கும். அலகு வாழ்நாளெல்லாம் வளரும். தக்காளியும் வாழைப்பழமும் அதைத் தேய்க்காது.

இன்னொரு காரணத்தை நான் அதிகம் சந்தேகிக்கிறேன். புற ஊதா பி கதிர் கிடைக்காத ஆமைக்கு வைட்டமின் டி3 போதாது, கால்சியம் எலும்பில் சேராது. தாடை எலும்பு மெலிந்து வளைந்தால் மேல் அலகும் கீழ் அலகும் நேராகச் சந்திக்காது; சந்திக்காத இடம் தேயவும் தேயாது. ஜன்னலோர வெயில் கணக்கில் வராது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உங்கள் புற ஊதா விளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? வெளிச்சம் குறையாமலே கதிர் குறைந்துபோகும். அதனால் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில், எரிந்துகொண்டிருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

நீண்டுபோன அலகை டாக்டர் சிறு சுழல் அரத்தால் மில்லிமீட்டர் கணக்கில் ராவிச் சரிசெய்வார். மிகவும் வளர்ந்திருந்தால் ஒரே தடவையில் முடிக்க மாட்டார். காயம் ஆறும்வரை இலைகளைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். ஆறிய பிறகு நறுக்கவே வேண்டாம். மருந்தடிக்காத புல்தரையிலிருந்து டான்டிலயனை இலையும் பூவுமாகப் பறித்து, சொரசொரப்பான ஸ்லேட் கல்லின் மேல் போடுங்கள். ஒவ்வொரு கடிக்கும் அலகு கல்லில் உரசும். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டையும் ஒரு மூலையில் வையுங்கள். கால்சியத்துக்குக் கால்சியம், அலகுக்கும் தேய்மானம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட ஆமை கண்ணில் பட்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

வாசகிக்குக் கடைசியாக ஒன்று. வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் ஆமையை நிறுத்து எழுதி வையுங்கள். காயம் முழுதும் ஆறி, எடை பழைய நிலைக்கு வந்து, டாக்டரும் சரி என்று சொல்லும்வரை குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பாதீர்கள்.