குளிருக்கு மூன்று புத்தகம்

மார்கழி பிறந்துவிட்டால் மும்பையிலும் குளிரும். நம் ஊர்க் குளிர் பெரிய குளிர் இல்லைதான். 1962ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி இங்கே 7.4 டிகிரி இருந்தது. அதுவே பெரிய செய்தி. ஆனால் இட்லி வியாபாரத்துக்காக விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறார்களே, அவர்களைக் கேளுங்கள். குளிர் என்றால் என்ன என்று சொல்வார்கள்.

பனி கொட்டும் நாடுகளில் நூலகங்கள் ஒரு போட்டி வைக்கின்றன. குளிர்காலம் முடிவதற்குள் இத்தனை புத்தகம் படிக்க வேண்டும். நமக்கும் இது புதிது இல்லை. ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாட்டு. மார்கழியில் நாளுக்கு ஒரு பாட்டு என்று படித்து முடிப்பார்கள்.

நாமும் ஒரு போட்டி வைத்துக்கொள்வோம். மார்கழி, தை இரண்டு மாதம். மூன்று புத்தகம். மூன்றிலும் குளிர் வரவேண்டும். பரிசு கிடையாது. டீ உண்டு.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? சிலர் தடிமனான புத்தகமாகப் பார்த்து எடுக்கிறார்கள். பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. 'எனக்குப் படிப்பு வராது' என்று மூடிவைத்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் கற்ற எழுத்தும் மறந்துபோகிறது. ராத்திரி ராத்திரியாக வந்து கற்ற எழுத்து அது!

சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகங்களுக்காக ஐந்து விதிகள் எழுதினார். 1931இல் அது புத்தகமாக வந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். நம் சாலுக்கு வண்டி வராது. நாம்தான் போக வேண்டும். சயானில் மும்பைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே தமிழ் நூலகம் உண்டு. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கும் தூரம் இல்லை.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறங்கள். மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல் வந்தால் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டதா? அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த மார்கழிக்கு இருக்கட்டும். எழுத்தின் அளவையும் பாருங்கள். வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடியோடு போங்கள்.

ஜெயமோகன் எழுதிய 'பனிமனிதன்' சிறுவர்களுக்கான நாவல். இமயமலைப் பனியில் பனிமனிதனைத் தேடிப் போகிறார்கள். அதை ஓர் அக்காவிடம் கொடுத்தேன்.

"ஏ பிள்ள, இது என் பேத்தி படிக்கிற புத்தகம்லா?" என்றார்.

"ஆமாம் அக்கா. பேத்திக்கு நீங்கள் படித்துக்காட்டுங்கள்."

அக்கா சிரித்துக்கொண்டே பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் புத்தகம் படிப்பதில் வெட்கம் எதற்கு? நல்ல கதைக்கு வயது கிடையாது.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நீலகிரி மலையில் வாழும் படகர்களின் கதை. அது கொஞ்சம் பெரியது. படிக்கப் பழகியவர்கள் எடுக்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார். 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் தமிழில் தந்தார். 2013இல் வந்த 'பரதேசி' படம் இந்த நாவலை வைத்து எடுத்ததுதான். கருப்பன், வள்ளி என்று ஒரு புருஷன் பெண்சாதி. திருநெல்வேலிப் பக்கம். ஊரில் பஞ்சம். மேஸ்திரி முன்பணம் கொடுத்து வால்பாறை மலைக்குக் கூட்டிப்போகிறான். அங்கே எலும்பைக் குத்தும் குளிர், அட்டைக்கடி, காய்ச்சல். உழைக்க உழைக்கக் கடன் தீராது. ஊருக்கும் திரும்ப முடியாது.

தாராவியில் பலருக்குத் திருநெல்வேலிதான் சொந்த ஊர். நம் தாத்தாக்கள் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். வேறு சிலர் மலை ஏறினார்கள். நாம் குளிருக்குக் குடிக்கும் டீயில் அவர்கள் பாடு இருக்கிறது.

இதுவும் பெரிய புத்தகம்தான். ஐந்து விரலும் மடங்கலாம். அதனால் தனியாக எடுக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் எடுங்கள். நன்றாகப் படிப்பவர் வாய்விட்டுப் படிக்கட்டும். மற்றவர்கள் விரல் வைத்துப் பின்தொடருங்கள். ஒரு நாளைக்கு நாலு பக்கம் போதும். பொங்கல் தாண்டினாலும் பரவாயில்லை.

பேசுவோம்

உங்கள் குடும்பத்தில் யாராவது தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்களா? எந்த மலைக்கு?

முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது இன்றைக்கும் நடக்கிறதா? எந்த எந்த வேலையில்?

நீங்கள் எடுத்த மூன்று புத்தகங்களின் பெயரை எழுதுங்கள். பாதியில் வைத்த புத்தகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.