தாத்தாவுக்குக் குளிராதா?

அன்புள்ள கயல்,

பதினாறாம் நாள் முடிந்து வீடு வெறிச்சென்று இருக்கும். "தாத்தா எப்ப வருவாங்கன்னு முகில் தினமும் கேக்கான் சித்தி, நான் என்ன சொல்ல?" என்று எழுதியிருக்கிறாய்.

ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "தாத்தாவுக்குக் குளிராதா?" என்று அவன் கேட்டான், ஞாபகம் இருக்கிறதா? துக்கத்துக்கு வந்த ஒருவர் "தாத்தா தூங்குதாருடே" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது ராத்திரி படுக்க மாட்டேன் என்று அழுகிறானாம். தூங்கினால் தன்னையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள் என்று பயந்திருப்பான்.

மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரியில் 3 முதல் 10 வயதுவரை உள்ள 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டறிந்து, 1948இல் எழுதினார். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பெரும்பாலும் அதை ஒரு பயணம்போல, தூக்கம்போலத்தான் நினைத்தார்களாம். போனவர் திரும்பிவிடுவார். முகிலுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. ஆகவே அவன் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்: "தாத்தா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி குளிராது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டாங்க." 'இறந்துட்டாங்க' என்ற சொல்லை விழுங்காதே. ஆச்சி "சாமிகிட்ட போயிட்டாரு" என்பாள். அதை மறுத்துப் பேச வேண்டாம். அது அவள் நம்பிக்கை. உடம்பு நின்றுபோனதையும் சேர்த்துச் சொல்லிவிடு, போதும்.

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் இறந்தார். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 1983இல் ஒளிபரப்பான நிகழ்ச்சியில், அவருக்காகப் படம் வரைந்து எடுத்துவரும் பெரிய மஞ்சள் பறவையிடம், அவர் இறந்துவிட்டார், திரும்ப வரமாட்டார் என்று பெரியவர்கள் நேராகவே சொன்னார்கள்.

இன்னொன்று. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை அவன் அடிக்கடி ஒளித்துவைப்பானே, அதனால்தான் தாத்தா போய்விட்டார் என்று மனசுக்குள் வைத்திருக்கலாம். குழந்தைகள் அப்படி நினைப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். "நீ செஞ்ச எதனாலயும் இல்ல, தாத்தாவோட இதயம் ரொம்பப் பழுதாயிட்டு" என்று அவன் கேட்காமலே சொல். வெறுமனே "உடம்பு சரியில்லாம இறந்துட்டாங்க" என்று விட்டுவிடாதே. அடுத்த காய்ச்சலுக்கு நடுங்கிப்போவான்.

அழுதுகொண்டிருந்தவன் அடுத்த நிமிஷம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவான். ஓடட்டும். சின்னப் பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், வந்து வந்து போகும். நீ அழுவதை அவன் பார்த்தாலும் தப்பில்லை. ஏன் அழுகிறாய் என்று மட்டும் சொல்லிவிடு.

நீயும் மற்றப் பேரப்பிள்ளைகளும் நெய்ப்பந்தம் பிடித்தபோது அவனை மட்டும் பக்கத்து வீட்டில் உட்காரவைத்தோம். பயப்படுவான் என்றுதான். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, யாராவது கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அவனுக்கும் தாத்தாதானே.

தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் கூட்டோடு ஆச்சி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். நான் சொன்னேன் என்று கேட்டு வாங்கி அவன் கையில் கொடு. உடைந்தால் உடையட்டும்.

அன்புடன்,
சித்தி